அழுகிற குழந்தைக்கு மருந்து இறங்காது!

இரைப்பு உள்ள குழந்தைக்கு மருந்து எழுதித் தருவது டாக்டருக்கு இரண்டு நிமிஷ வேலை. அந்த மருந்தைத் தினமும் காலையும் ராத்திரியும் குழந்தையின் நெஞ்சுக்குள் சேர்ப்பது இருக்கிறதே... அது பெற்றவளுக்குத்தான் தெரியும்! ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் கையைப் பிடிக்க, மூன்றாமவர் மாஸ்க்கை முகத்தில் அமுக்க, பிள்ளை தெருவுக்கே கேட்கிற மாதிரி அலற... எங்கள் காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

"எப்படியோ அமுக்கிப் பிடிச்சுக் கொடுத்துட்டோம் டாக்டர்" என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களிடம் நான் சொல்கிற விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அப்படிக் கொடுத்த மருந்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகவே இல்லை!

அழுதால் ஏன் இறங்காது?

அழும் குழந்தையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மூச்சை நீளமாக வெளியே விட்டுக் கத்தும். நடுவில் 'ஹக்' என்று ஒரே ஒரு சிறு மூச்சை வேகமாக இழுக்கும். மறுபடியும் கத்தும். பம்ப் மருந்து என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துளி. அது சின்ன மூச்சுக்குழாய்கள் வரை போய்ச் சேர, அமைதியான, நிதானமான மூச்சு வேண்டும். வேகமாக இழுத்தால் துளிகள் வாயிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே படிந்துவிடும். பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். தலையை ஆட்டுவதால் மாஸ்க் விலகினால் கதை இன்னும் மோசம். கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலே, மருந்தில் பெரும் பங்கு காற்றோடு போய்விடும்.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பழமொழி உதவாது. குழந்தையின் சம்மதம் இங்கே வெறும் செல்லம் இல்லை, மருந்தின் ஒரு பாகம். தினம் இரண்டு வேளை என்றால் வருஷத்துக்கு 730 தடவை. 730 தடவை யாராலும் சண்டை போட முடியாது. சலிப்பில் வீட்டார் மருந்தை விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உலக நோய்ச்சுமை பற்றிய 2019-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான்! தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுக்காததும், மூச்சு திணறும்போது மட்டும் ஓடுவதும் இதற்கு முக்கியமான காரணங்கள்.

பம்ப் நமக்குப் புதுசா?

"நீங்க சித்த வைத்தியர்தானே, நீங்களே பம்ப் போடச் சொல்றீங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

மருந்தை மூச்சு வழியே கொடுப்பது நமக்குப் புதுசே இல்லை. சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் 32 வகை. அதில் வேது, புகை, ஊதல், நசியம் எல்லாம் உண்டு. 1802 வாக்கில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஊமத்தை வகைச் செடியின் புகையால் இரைப்பு அடங்குவதைக் கண்டு, ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரியிடம் சொன்னார். அவர் வழியாக அது இங்கிலாந்துக்குப் போனது. பிறகு ஐரோப்பா முழுக்க ஆஸ்துமா சிகரெட் என்றே விற்றார்கள். (ஆண்டர்சன் இங்கே பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டுவரவும் பாடுபட்டவர். பட்டு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கூடுதல் தகவல்!) ஆனால் ஊமத்தை நஞ்சு. அளவு கொஞ்சம் தப்பினாலும் உயிருக்கு ஆபத்து. இன்று யாரும், அதுவும் குழந்தைக்கு, அந்தப் புகையைக் காட்டவே கூடாது. மூச்சு நோய்க்கு மூச்சு வழியாகவே மருந்து என்ற யோசனை மட்டும் சரி. நஞ்சும் புகையும் இல்லாமல், அளந்த அளவில் அதைத் தருவதுதான் இன்றைய பம்ப்.

அந்தப் பம்ப் பிறந்ததற்கும் ஒரு பிள்ளைதான் காரணம்! 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனுக்கு 13 வயதில் ஒரு மகள். அவளுக்கு ஆஸ்துமா. அமுக்கி அமுக்கி மருந்தடிக்கும் கண்ணாடிக் கருவியோடு தினம் மல்லுக்கட்டியவள், "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி இதையும் டப்பாவில் போட்டுத் தரக்கூடாதா?" என்று அப்பாவைக் கேட்டாள். மறு வருஷம், 1956-ல், அளந்து தெளிக்கும் முதல் பம்ப் கடைக்கு வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் சங்கடத்தைப் பெரியவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த பலன் இது.

"பழகிடுமே டாக்டர்!"

பிள்ளை அடம் பிடிப்பது பாதி என்றால், பெரியவர்களின் பயம் மீதி. பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கொடுத்தால் குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆகவே முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுவோம்.

பம்ப் இரண்டு வகை. ஒன்று, திணறும்போது மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கும் நிவாரண பம்ப். சால்பியூட்டமால் இந்த வகை. மற்றது, குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை நாளடைவில் வற்ற வைக்கும் தடுப்பு பம்ப். புடிசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்றவை இந்த வகை. இது உடனே வேலை செய்யாது. தினம் எடுத்தால்தான் பலன். நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள், பெயரைப் படித்து எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரே கூடுகிறது. அதற்காக மற்ற நாளில் நித்திய பூஜையை நிறுத்திவிடுகிறார்களா? தடுப்பு பம்ப் அந்த நித்திய பூஜை மாதிரி. குழந்தை நன்றாக இருக்கிற நாளிலும் வேண்டும். நன்றாக இருப்பதே பல சமயம் அந்த மருந்தினால்தான்!

"பம்ப் வெச்சா ஆயுசுக்கும் விடாது" என்பது தவறு. போதைப் பொருள் மாதிரி அடிமையாக்கும் குணம் இதற்கு இல்லை. அளவையும் யோசியுங்கள். சாதாரண சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப்பில் இருப்பது 20 அழுத்தல் மருந்து! சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். பம்ப் நேராகப் போய்விடும்.

"ஸ்டீராய்டு ஆச்சே, வளர்த்தி நின்னுடுமா?" இதை நேர்மையாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிறு வயதில் நாலு வருஷத்துக்கு மேல் தினமும் புடிசோனைடு எடுத்தவர்களை வளர்ந்த பிறகு அளந்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அவ்வளவுதான். நோயைக் கவனிக்காமல் விட்டு, பிள்ளை ராத்திரி தூங்காமல், சாப்பிடாமல், அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்தால் வளர்ச்சி கெடாதா? எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதை டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்படிப் பழக்குவது?

சின்னக் குழந்தையால் பம்ப்பை அழுத்தும் அதே நொடியில் மூச்சை இழுக்க முடியாது. அதற்காகத்தான் ஸ்பேசர் என்ற குழல். மூன்று வயது வரை மாஸ்க் வைத்த ஸ்பேசர். நாலு வயதுக்கு மேல், பிள்ளை குழலை வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடப் பழகிவிட்டால், மாஸ்க் வேண்டாம்.

முதலில் ஸ்பேசரை மருந்து இல்லாமல் விளையாட்டுச் சாமான்களோடு போட்டுவையுங்கள். குழந்தை அதைத் தொடட்டும், தட்டட்டும், தூக்கிப் பார்க்கட்டும். பொம்மைக்கு ஒரு தடவை வையுங்கள். அப்பாவுக்கு வையுங்கள். ஆயாவுக்கும் வையுங்கள்! "ஆயாவுக்கு மூச்சு விடத் தெரியலையே, நீ சொல்லிக் கொடு கண்ணு" என்றால் எந்தப் பிள்ளையும் வாத்தியார் ஆகிவிடும். (ஏற்கெனவே மருந்து ஆரம்பித்திருந்தால் இந்த விளையாட்டுக்காக அதை நிறுத்தக் கூடாது. மருந்து நேரம் வேறு, விளையாட்டு நேரம் வேறு.)

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ வெறும் மாஸ்க்கைக் கன்னத்தில், பிறகு மூக்கும் வாயும் மூடும்படி, இரண்டு மூச்சு நேரம் வையுங்கள். அழுதால் எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் நாலு மூச்சு. சில குழந்தைகளுக்கு நாலு நாளில் வரும், சிலதுக்கு இரண்டு வாரம் ஆகும். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.' இந்தப் பழமொழி இங்கே பொருந்தும்!

பல ஸ்பேசர்களில் மூச்சுக்கு மூச்சு வால்வு 'டிக் டிக்' என்று அசையும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தன் பையனிடம், "உன் நெஞ்சுக்குள்ள தறி ஓடுது பாரு, பத்து ஊடு ஓட்டு" என்றாராம். பையன் பத்து எண்ணும் வரை அசையவில்லை! உங்கள் வீட்டில் ரயிலோ, கோயில் மணியோ, எது பிடிக்குமோ அதைச் சொல்லுங்கள்.

இன்னும் சில வழிகள்:

* நேரத்தை ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள். பல் தேய்ப்பதற்கு முன் என்று வைத்தால் ரொம்ப வசதி. மருந்து முடிந்ததும் வாய் கொப்பளித்தாகிவிடும்.

* "மருந்து போட்டுக்கறியா?" என்று கேட்காதீர்கள். 'மாட்டேன்' என்பதுதான் பதிலாக வரும். "அம்மா மடியா, அப்பா மடியா?" என்று கேளுங்கள். மருந்து உறுதி. மடி பிள்ளையின் இஷ்டம்.

* பம்ப்பைக் குலுக்குகிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கிழித்த காலண்டர் தாளில் வேளைக்கு ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். வாரம் முடிந்தால் ஏகாம்பரநாதர் கோயில் வரை ஒரு நடை, ஒரு கதை என்று சின்னப் பரிசு போதும். பெரிய பொம்மை பேரம் வேண்டாம். விலை ஏறிக்கொண்டே போகும்!

* "சமத்தாப் போட்டுக்கிட்டே" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பத்து மூச்சும் நிதானமா விட்டே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

* நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காரணத்தையும் சொல்லலாம். "உன் நெஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் குழாய் இருக்கு. அது வீங்கியிருக்கு. இந்த மருந்து வீக்கத்தைத் தணிக்கும். அப்புறம் நீ ஓடலாம்."

கொடுக்கும் முறை

1. குழந்தையை மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்கப் போட வேண்டாம்.
2. பம்ப்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள்.
3. மாஸ்க்கை மூக்கும் வாயும் சேர்த்து, இடைவெளி இல்லாமல் மென்மையாக வையுங்கள்.
4. ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். 5 முதல் 10 சாதாரண மூச்சு வரை எண்ணுங்கள்.
5. இரண்டாவது அழுத்தல் சொல்லியிருந்தால் அரை நிமிஷம் கழித்து, மறுபடி குலுக்கிவிட்டுக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து அடிக்காதீர்கள்.
6. தடுப்பு பம்ப் என்றால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். சின்னக் குழந்தைக்கு முகத்தைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.

ஸ்பேசரைத் துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, தானாக உலர விடுங்கள். ஊரில் ஸ்பேசரை மறந்து வைத்துவிட்டு வந்து அவசரம் என்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் பொருத்திக் கொடுக்கலாம். தென் ஆப்பிரிக்காவில் குழந்தைகளிடம் இதைச் சோதித்து, கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999-ல் காட்டினார்கள்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்

காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கால் ஊற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மூச்சு இரைக்கிற பிள்ளைக்கு இது பெரிய ஆபத்து. வாயால் மூச்சை இழுக்கும்போது மருந்து நெஞ்சுக்குள் போய்விடும். சிரப்பை நிமிர்த்தி உட்கார வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சாலோ பாலாடையாலோ, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

கசக்கும் மருந்துக்குத் துணையாக ஏதாவது சேர்த்துக் கொடுப்பது நம் வைத்தியத்தில் அனுபானம். டாக்டர் அனுமதித்தால் ஒரு ஸ்பூன் வாழைப்பழ மசியலில் கலக்கலாம். ஒரு வயதுக்கு மேல் என்றால் தேனும் ஆகும். (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.) டம்ளர் நிறையப் பாலில் கலக்காதீர்கள். பாதியில் வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

'மிட்டாய்' என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். மறுபடி நம்பாது. ஒருவேளை நம்பிவிட்டால், தானே எடுத்துத் தின்றுவிடும்! "போட்டுக்கலேன்னா டாக்டர் ஊசி போடுவார்" என்ற மிரட்டலும் வேண்டாம். நாளைக்குத் திணறும்போது அந்த டாக்டரிடம்தான் போயாக வேண்டும். தூங்கும்போது மாஸ்க் வைப்பதையும் வழக்கமாக்க வேண்டாம். விழித்துப் பயந்த பிள்ளை மாஸ்க்கைக் கண்டாலே ஓடும்.

மாண்ட்டெலுகாஸ்ட் மாத்திரை சாப்பிடும் குழந்தைக்குக் கெட்ட கனவு, திடீர்க் கோபம், மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே பலத்த எச்சரிக்கை விடுத்தது.

வீட்டுப் பெரியவர்களுக்கு...

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது, தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது, எல்லாமே பாசத்தால் செய்வதுதான். ஆனால் சாம்பிராணியோ, கொசுவத்திச் சுருளோ, எந்தப் புகையும் இரைப்பைக் கிளப்பும். கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், கவிழ்ந்தால் வெந்துவிடும். தறி ஓடும் அறையிலும், சாயம் காய்ச்சும் இடத்திலும் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். பட்டு நூல் தூசு சிலருக்கு ஒவ்வாது. ஆயாவுக்கு 'இதைச் செய்யாதீங்க' என்று மட்டும் சொன்னால் மனசு வருத்தப்படும். மருந்து நேரத்தில் மூச்சு எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். மருந்துக்கு எதிர்ப்பு சொன்னவரே காவல்காரர் ஆகிவிடுவார்!

கல்யாணம் காட்சிக்குப் போனால் பம்ப்பைப் புடவைத் தலைப்பில் மறைக்காதீர்கள். நீங்கள் வெட்கப்பட்டால் பிள்ளையும் வெட்கப்படும். பள்ளிக்கூட டீச்சரிடம் நிவாரண பம்ப்பும் ஸ்பேசரும் கொடுத்து, முறையைச் செய்தும் காட்டுங்கள்.

சளி இளக, இருமல் தணிய, ஆடாதோடை, தூதுவளை என்று நாங்கள் கொடுப்பதுண்டு. ஆனால் தடுப்பு பம்ப்பின் வேலையை அவை செய்யாது. என்னிடம் மருந்து வாங்குவதற்காகப் பம்ப்பை நிறுத்திவிட்டு யாரும் வரவேண்டாம். எந்தச் சித்த மருந்தையும் குழந்தை டாக்டருக்குத் தெரியப்படுத்தியே கொடுங்கள். 'ஒரே பொடியில் ஆஸ்துமா போச்சு' என்று பெயர் தெரியாத பொட்டலம் விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. இன்னொன்று, ஐந்து வயதுக்குள் வரும் வீசிங் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. சளிக்காய்ச்சலோடு வந்து போவதும் உண்டு. அதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

* மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் சதை உள்ளே இழுத்தால்
* பேச முடியாமல், பால் குடிக்க முடியாமல் திணறினால்
* உதடு, நகம் நீலம் பாய்ந்தால், குழந்தை துவண்டு போனால்
* நிவாரண பம்ப் கொடுத்தும் அடங்காவிட்டால், அல்லது மூன்று நாலு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால்

டாக்டர் எழுதித் தந்த அளவில் நிவாரண பம்ப்பை ஸ்பேசரில் கொடுத்தபடியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். இந்த நேரத்தில் மட்டும் குழந்தை அழுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். எவ்வளவு இறங்கினாலும் லாபம்.

இந்த அவசரமே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் தினசரி மருந்து. கார்த்திகை, மார்கழிப் பனி தொடங்கும் முன்பே பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஸ்பேசரை எடுத்துப் பொம்மையின் முகத்தில் வைத்து, குழந்தை பார்க்கிற மாதிரி சத்தமாக எண்ண ஆரம்பியுங்கள்... ஒண்ணு, ரெண்டு, மூணு!